குத்தாலத்தம்மாவும் திருப்பனந்தாள்காரியும்

எங்கள் வீட்டில் காபி கேட்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மாமனார் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, "யாராச்சும் ஒரு வாய் காபி குடுத்தா தேவலை" என்பார். அந்த யாராச்சும் நான்தான். வீட்டில் வேறு ஆள் கிடையாது. நான் காபியைக் கலந்து கொண்டுபோய் அவர் பக்கத்தில் இருக்கும் ஜன்னல் கட்டையில் வைத்து, டம்ளரால் டவராவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அந்தச் சத்தம்தான் என் பதில்.

எங்களுக்குள் சண்டை என்று நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பத்தில் மாமனார் மருமகளிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை, அவ்வளவுதான். அது ஒரு மரியாதையாம். யாருக்கு மரியாதை என்று நான் கேட்டதில்லை. மாமியார் இருந்தவரை எல்லாம் அவர் வழியாகவே நடந்தது. "அவளை மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்று இவர் கூடத்தில் சொல்வார். அது எனக்கு நன்றாகக் கேட்கும். இருந்தாலும் மாமியார் எழுந்து வந்து, "மோட்டாரை நிறுத்தச் சொல்றாங்க" என்று சமையலறையில் சொன்ன பிறகுதான் நான் கிளம்ப வேண்டும்.

மாமியார் போய்ச் சேர்ந்தார். கணவர் கத்தாரில். மகள் சென்னையில் கல்லூரி விடுதியில். நடுவில் நின்று சொல்வதற்கு ஆள் இல்லாமல் போயிற்று, வழக்கம் மட்டும் போகவில்லை. மாமனார் காலண்டரிடமும் கொட்டிலில் நிற்கும் மாட்டிடமும் பேச ஆரம்பித்தார். மாடு தலையை ஆட்டும். நான் பின்னால் நின்று விஷயத்தைத் தெரிந்துகொள்வேன். ரொம்ப முக்கியமான சங்கதி என்றால் கத்தார் வழியாக வரும். அவர் மகனுக்குப் போன் போடுவார். மகன் எனக்குப் போன் போட்டு, "அப்பாவுக்குக் கால் வலியாம், வெந்நீர் வெச்சுக் குடு" என்பார். கூடத்திலிருந்து சமையலறைக்கு வர ஒரு செய்தி கடலைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் சில நாள் சிரிப்பு வரும். மற்ற நாட்களில் மூச்சு முட்டும். எங்கள் ஊர் குத்தாலத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. கொல்லையைத் தாண்டினால் ஒரு வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் எங்கள் வயல், வயல் மூலையில் மோட்டார் கொட்டகை. என் உலகத்தின் எல்லை அந்தக் கொட்டகைதான். காலையில் ஆக்கிய சோற்றை மாமனார் மதியம் தொட மாட்டார், மதியம் ஆக்கியதை ராத்திரி தொட மாட்டார். அதனால் நான் எங்கே போனாலும் அடுத்த உலை வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் பந்தியில் உட்காராமல் திரும்பியிருக்கிறேன். பிறந்த வீடு இருக்கிற கும்பகோணத்தில் ஒரு ராத்திரி தங்கி எத்தனையோ வருஷமாகிறது. பி.காம். படித்தவள் நான், அது அந்த வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்ததா என்று தெரியாது.

அந்த வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது ரேடியோ ஒன்றுதான். விடிந்ததும் மாமனார் அதைத் திருகிவிடுவார். வேளாண்மைச் செய்தி, வானிலை, பாட்டு எல்லாம் முடிந்து பத்து மணிக்கு நேயர்கள் போனில் பேசுகிற நிகழ்ச்சி வரும். தினம் ஒரு தலைப்பு. பஸ் கட்டணம், பரீட்சை, கல்யாணச் செலவு, பிள்ளைகள் கையில் செல்போன், ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று எதையாவது கேட்பார்கள். நடத்துகிற தம்பிக்கு வெல்லம் போட்ட குரல். யார் பேசினாலும் "அருமை, அருமை" என்பான். மாமனார் நாற்காலியை ரேடியோவுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்.

ஒரு நாள் தலைப்பு, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைகள் மழையில் நனைவது பற்றி. அந்த வாரம்தான் எங்கள் நெல்லும் அங்கே வெட்டவெளியில் கிடந்து முளைத்திருந்தது. பேசிய ஆண்கள் எல்லாரும் அரசாங்கம், அதிகாரி, தார்ப்பாய் என்று போய்க்கொண்டிருந்தார்கள். முளைத்த நெல்லை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் அதைக் காயவைத்துக் கிளறிப் புடைப்பது யார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோட்டார் போடுகிற சாக்கில் கொட்டகைக்குப் போனேன். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடமும் அதுதான். மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் நான் பேசுவது வரப்பில் போகிறவர்களுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நம்பரை அழுத்தினேன். கிடைத்துவிட்டது. பெயரைச் சொல்லாமல் குத்தாலம் பக்கத்திலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டு வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ஒரு அம்மா பேசினாங்க பாரு, குத்தாலத்துலேருந்து. நெத்தியடி" என்று அதனிடம் சொன்னார்.

அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அது மாட்டுக்குத்தான் சொல்லப்பட்டது, எனக்கென்ன? சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். என் குரலை அவர் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் என் குரலைச் சரியாகக் கேட்டதே கிடையாது. நான் அவருக்கு ஒரு டம்ளர் சத்தம்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போவேன், மோட்டாரைப் போடுவேன், பேசுவேன். பத்து மணிக்கு வெளியே போக எனக்கு இருந்த ஒரே காரணம் மோட்டார். அதனால் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ வேண்டாமோ, அது ஓடியாக வேண்டும். அடைமழைக் காலத்தில் மட்டும் போக வழியில்லை. "மழை நாள்ல குத்தாலத்தம்மா பேசறதில்ல போலிருக்கு" என்று மாமனார் ஒருமுறை காலண்டரிடம் சொன்னார். நானும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் உளுந்து புடைத்தேன். அறிவிப்பாளர் தம்பி என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான். "நம்ம குத்தாலம் அக்கா என்ன சொல்றாங்க பார்ப்போம்" என்பான். என் கருத்தைக் கேட்கவும் உலகத்தில் ஒரு ஆள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் வாய் என்னை மாட்டிவிட்டது.

ஒரு நாள் தலைப்பு, வயதானவர்களை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் பெண்கள் வேலைக்குப் போகலாமா என்பது. தம்பி வெல்லக் குரலில், "அக்கா, நீங்க குடும்பத்தை நல்லா கவனிச்சுக்கிறவங்க, சொல்லுங்க" என்றான். நான் சொன்னேன்: "வீட்ல வயசானவர் ஒருத்தர் இருக்கும்போது அவருக்குச் சுடச்சுட ஒரு வாய் சோறு போடறதைவிட வேலை என்ன தம்பி பெரிய வேலை? நான் எங்கயும் போறதில்ல. எனக்கு அது ஒரு குறையா தோணல."

அவன் மூன்று தடவை அருமை சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் சிறந்த பேச்சு என்று அதைத் திரும்பவும் போட்டார்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வெளியே பூட்டியிருக்கிற கதவை உள்ளேயிருந்து நானே தாழ்ப்பாள் போட்டதாகச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

சில மாதங்கள் போன பிறகு என் கல்லூரித் தோழி கூப்பிட்டாள். நாகப்பட்டினத்துக்காரி, வியாபாரக் குடும்பம். தஞ்சாவூரில் பெண்களுக்கான துணிக்கடை நடத்துகிறாள். மகளுக்குப் பிரசவம், சிங்கப்பூர் போகிறாள், திரும்பி வந்தாலும் இனிமேல் பாதி நாள் அங்கேதான்.

"கடையை நம்பி விட எனக்கு ஆள் இல்ல, நீ வாடி. மாடியில ரூம் இருக்கு. சாத்த ராத்திரி ஆயிடும், தினம் ஊருக்குப் போய் வர முடியாது. அங்கயே தங்கிக்க. கார்த்திகை பொறக்கறதுக்குள்ள பதில் சொல்லு, இல்லேன்னா வேற ஆள் பாக்கணும்."

போனை வைத்த பிறகு கொல்லைக் கிணற்றடியில் நின்று அந்த ரூமை மனதிலேயே கூட்டிப் பெருக்கினேன். ஒரு ஜன்னல் வைத்தேன். எனக்கு அங்கே போக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண் ஒன்றை இவ்வளவு ஆசைப்படலாமா என்று பயமாகக்கூட இருந்தது.

கணவரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், தூரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருப்பது சுலபம். "எனக்கு ஒண்ணுமில்ல, அப்பாகிட்ட கேளு" என்றார்.

"நான் எப்படிங்க கேக்கறது?"

"ஆமால்ல" என்றார். பிறகு அவரே அப்பாவுக்குப் போன் போட்டார். கூடத்தில் அவர் செல்போன் மணி அடித்தது. மாமனார் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார், "பார்ப்போம்" என்று வைத்துவிட்டார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றேன். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது பதில் வந்தது.

"வயசானவருக்குச் சோறு போடறதைவிட வேலை என்ன பெரிய வேலைன்னு குத்தாலத்தம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. என்ன தங்கமான பேச்சு."

மாடு தலையை ஆட்டியது. எனக்கு அதை உதைக்க வேண்டும் போலிருந்தது.

என்ன செய்வது? அந்தம்மா நான்தான் என்று சொல்ல வழியில்லை, அவரிடம்தான் நான் எதையும் சொல்ல முடியாதே. சொன்னாலும், அப்படியானால் அது உன் வாயால் வந்ததுதானே என்று ஆகும். யார் என்னைக் கட்டிப்போட்டாலும் திட்டித் தீர்த்திருப்பேன். என்னைக் கட்டிப்போட்டிருந்தது நான். மறுபடி கணவர் கேட்டபோதும் அதே பதில். அந்தம்மா சொன்னார்கள், அந்தம்மா சொன்னார்கள். அந்தக் குத்தாலத்துப் பொம்பளையை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அதனால் அவளை எதிர்த்துப் பேச இன்னொருத்தியை அனுப்பினேன். கணவர் போன விடுமுறையில் போட்டுவிட்டுப் போன இரண்டாவது சிம் என் போனில் சும்மா கிடந்தது. கொட்டகைக்குப் போனேன், வழக்கம்போல மோட்டாரைப் போட்டேன், அந்த சிம்மில் கூப்பிட்டேன். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு, "திருப்பனந்தாள்லேருந்து பேசறேன்" என்றேன். தலைப்பு என்னவோ பிளாஸ்டிக் பை. நான் சுற்றி வளைத்து வீட்டு விஷயத்துக்கு வந்து, "அன்னைக்குக் குத்தாலத்து அம்மா ஒருத்தங்க வேலை என்ன பெரிய வேலைன்னாங்களே, அது சரியில்லைங்க. வயசானவங்களுக்குச் சோறும் வேணும், வீட்ல இருக்கறவளுக்கு மூச்சும் வேணும். பெரியவங்க விட்டுக்குடுக்கணும்" என்றேன். ரோஷமாகத்தான் பேசினேன். தம்பி திகைத்துப்போய் ஒரே ஒரு அருமை சொன்னான்.

வீட்டுக்கு வந்து காபி வைத்தேன். தட்டினேன்.

"திருப்பனந்தாள்காரிக்கு வாய் ஜாஸ்தி" என்றார் மாமனார், காலண்டரைப் பார்த்து. "குத்தாலத்தம்மா மாதிரி வருமா?"

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னிடமே தோற்றுப்போனால் வேறெங்கே போய் முறையிடுவது? அடுத்த வாரம் திருப்பனந்தாள்காரி மறுபடி பேசினாள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் குத்தாலத்தம்மாவே ஜெயித்தாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. வயலில் சம்பா நாற்று முழுகிக் கிடந்தது. வாய்க்கால் வழிந்து கொல்லைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் இல்லை. கொட்டகைக்குப் போக வழியுமில்லை, காரணமுமில்லை. தோழி காலையிலேயே கூப்பிட்டு, "இன்னைக்குச் சொல்லிடு. சாயங்காலம் வேற ஒருத்தி வரேன்னிருக்கா" என்றாள்.

மாமனார் கூடத்தில் ரேடியோவுக்கு அருகே உட்கார்ந்திருந்தார். பத்து மணி. தலைப்பு, மழையும் வடிகாலும். நான் சமையலறையில் நின்று அடுப்பைப் பார்த்தேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைப் போட்டால் வடிக்க வேண்டும், வடித்தால் பரிமாற வேண்டும், பரிமாறி முடித்தால் ராத்திரிக்கு மறுபடி உலை. எனக்கு அப்போது ஒன்றும் துணிச்சல் வந்துவிடவில்லை. இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று நம்பரை அழுத்தினேன்.

"வணக்கம், நம்ம குத்தாலம் அக்கா!" என்றான் தம்பி. அதே வார்த்தைகள் கூடத்து ரேடியோவிலிருந்தும் வந்தன. உடனே காதுக்குள் கீச்சென்று ஓர் இரைச்சல். "அக்கா, வழக்கமா உங்களுக்குப் பின்னாடி ஒரு மோட்டாரு ஓடும், இன்னைக்கு ரேடியோ ஓடுது. ரேடியோவைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கக்கா."

போனில் பேசுகிற எல்லா நேயரிடமும் அவன் இதைச் சொல்வான். ரேடியோ பக்கத்தில் இருந்தால் சத்தம் சுற்றிச் சுற்றி வரும், குறைத்தால்தான் பேச முடியும். எனக்கு மட்டும் இத்தனை நாளும் அவன் சொல்ல வேண்டி வந்ததில்லை.

போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு வந்தேன். ரேடியோ அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், காலண்டரை அல்ல.

"மாமா, ரேடியோவைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றேன்.

அவர் கை மெல்ல நீண்டது. குறைக்கவில்லை, திருகி நிறுத்தியே விட்டார். மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"சொல்லுங்கக்கா, உங்க பகுதியில வடிகால் எப்படி இருக்கு?"

"நான் வடிகாலைப் பத்திப் பேச வரல தம்பி" என்றேன்.

"தலைப்பை ஒட்டிப் பேசினா நல்லா இருக்கும்கா... சரி, இணைப்பு தெளிவா இல்லைன்னு நினைக்கறேன், அடுத்த நேயர்..." அதோடு வைத்துவிட்டான். காதில் ஒன்றும் இல்லை. ரேடியோ நின்றிருந்ததால் மாமனாருக்கு அது தெரியாது. நான் போனை இறக்கவில்லை. இறக்கினால் அவரிடம் பேச எனக்கு வாய் வராது.

"வயசானவர் இருக்கும்போது வேலை என்ன பெரிய வேலைன்னு அன்னைக்குச் சொன்னது நான்தான் தம்பி" என்று அறுந்த லைனில் பேசினேன். "அது பொய். போக வழியில்லாம இருந்தேன், போக இஷ்டமில்லைன்னு சொல்லிக்கிட்டேன். எங்க மாமனார் நல்லவர்தான். ஒரு நாள் ஒரு சுடுசொல் சொன்னதில்ல. ஒரு சொல்லும் சொன்னதில்ல. இந்த வீட்ல நான் டம்ளரைத் தட்டியே கிழவி ஆயிடுவேன் போலிருக்கு. தஞ்சாவூர்ல எனக்கு ஒரு வேலை இருக்கு. எனக்குப் போகணும்."

போனை இறக்கினேன். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"திருப்பனந்தாளுக்கும் நம்ம மோட்டாருதானேம்மா ஓடுச்சு" என்றார்.

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. எங்கள் மோட்டாரில் ஏதோ ஒன்று தேய்ந்துபோய், ஓடும்போது நடுநடுவே விக்கல் எடுக்கும். பக்கத்து வயல்காரர்கள்கூட அதைக் கிண்டல் செய்வார்கள். அவர் முப்பது வருஷமாகக் கேட்கிற சத்தம்.

"முதல் நாளே தெரியும். வெளியிலயும் விக்குது, ரேடியோவுக்குள்ளயும் விக்குது. நான் என்ன செவிடா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மரியாதை எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டேதான் என் பேச்சை வெச்சே என்னைக் கட்டிப்போட்டீங்களா மாமா? மாட்டுகிட்ட சொல்லிச் சொல்லி?"

"பின்னே எப்படிம்மா கேப்பேன்?" என்றார். "அவ போனப்புறம் இந்த வீட்ல எனக்குன்னு இருந்த பேச்சு, பத்து மணிக்கு நீ பேசறதுதான். நீ பேசினதுக்கு நான் சாயங்காலம் பதில் சொல்வேன். எனக்கு அது போதும்னு இருந்தது." நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். "இப்ப நேராவே கேக்கறேன். இருந்துடேம்மா."

இத்தனை வருஷமும் அவர் என்னை ஒன்றும் கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டது இதை. இருக்கிறேன் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை இளகினால் நான் மறுபடி உலைக்குத்தான் போவேன்.

"மாட்டேன் மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. ஏதோ இவ்வளவு நாள் எதிர்பார்த்திருந்த மழை பெய்துவிட்டது மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஒரு வாய் காபி குடும்மா" என்றார். நான் கலந்து கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைக்காமல் கையிலேயே கொடுத்தேன்.

கார்த்திகையில் தஞ்சாவூருக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மா குழம்பு கொடுப்பதாக ஏற்பாடு. சோறு அவரே வடித்துக்கொள்வதாகச் சொன்னார், கத்தார் வழியாக. கிளம்பும் நாளில் பஸ் ஏறும்வரை அவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் மாடு நின்றிருந்தது, அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பேசிவிட்டால் வழக்கம் போய்விடுமா? நானும் வாரம் ஒருமுறை கணவரிடம்தான் "மாமா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். அவருக்கு நேராகப் போன் போட எனக்குக் கை வரவில்லை. மாடி ரூமில் ஜன்னல் இருக்கிறது. நான் நினைத்த மாதிரியே தெரு தெரிகிறது. மூச்சு விட முடிகிறது. ஆனால் மத்தியானம் ஆனால் போதும், கை தானாக அரிசிப் பானையைத் தேடுகிறது. ஊர் விட்டாலும் உலை விடவில்லை.

கடையில் ஒரு சின்ன ரேடியோ உண்டு. பத்து மணிக்குக் கடை திறந்து சாம்பிராணி காட்டும்போது அதையும் போட்டுவிடுவேன். நான் பேசுவதில்லை, கேட்பதோடு சரி. மார்கழி முடிகிற சமயம், மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு நாள், தலைப்பு பொங்கலுக்கு ஊர் போகும் பஸ் கூட்டம். யார் யாரோ பேசினார்கள். நான் டீ குடித்துக்கொண்டே ஒரு பெண்ணுக்குச் சுடிதார் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐயா வணக்கம், எங்கேருந்து பேசறீங்க?" என்றான் தம்பி.

பதில் வருவதற்கு முன்பே எனக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. மோட்டார். நடுவில் ஒரு விக்கல்.

"திருப்பனந்தாள்" என்றார் என் மாமனார்.

"சொல்லுங்கய்யா, பொங்கலுக்கு உங்க வீட்டுக்கு யாரெல்லாம் வராங்க?"

"என் வீட்டைப் பத்தி இல்லைங்க. இங்க பக்கத்துல, குத்தாலத்துல ஒருத்தர் தனியா இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. சோறு வடிக்கறாரு, குழைஞ்சு போவுது, இருந்தாலும் சாப்பிட்டுடறாரு. கால்வலி பரவால்ல. அவரு மாடு நேத்திக்குக் கன்னு போட்டிருக்கு. கெடேரிக் கன்னு. மேல இருக்கற சுழியெல்லாம் சுத்தம்."

"அருமை, அருமை. இதை யாருக்காகய்யா சொல்றீங்க?"

மோட்டார் இரண்டு தடவை விக்கியது.

"யாராச்சும் கேட்டா தேவலை" என்றார்.

சுடிதார் என் கையிலேயே இருந்தது. அந்தப் பெண் விலை கேட்டாள், இரண்டாம் தடவையும் கேட்டாள். நான் போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன். பிஸி. அவர்தான் ரேடியோவோடு பேசிக்கொண்டிருக்கிறாரே. மறுபடி அழுத்தினேன், மறுபடி பிஸி. அதற்குள் தம்பி அவரை அனுப்பிவிட்டு ஒரு பாட்டைப் போட்டான். பக்கத்தில் இருந்த டீ டம்ளரை எடுத்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன். அது குத்தாலத்துக்குக் கேட்காது.